பழைய ரயில் பாரந்தூக்கிக்குச் சாயம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி இரவு தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயில் புறப்பட்டதைப் பார்க்கக் கூடியிருந்தவர்களில் நானும் ஒருவன். என் தந்தையார் ரயில் பாதையில் பாரம் தூக்கும் குழுவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நானும் கப்பல் பட்டறைகளிலும் துறைமுகத்திலும் பாரத்தைக் கட்டிக் கொக்கியில் மாட்டும் ரிக்கராகத் தொடங்கி, பாரம் தூக்கும் வேலைகளின் மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றேன். பழைய ரயில் பாரந்தூக்கிகளை அரும்பொருளகங்களில் எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்பது குறித்து நெடுநாளாக என் மனத்தில் இருப்பதைத் தங்கள் வாசகர்கள்முன் வைக்க விரும்புகிறேன். அத்தகைய இயந்திரத்தைத் துரு சுரண்டிச் சாயம் பூசி, பெயர்ப் பலகை மாட்டி, கயிறு கட்டி நிறுத்திவிடுவது அரைப் பாதுகாப்புதான். அது தூக்க வேண்டும், திரும்ப வேண்டும், இறக்க வேண்டும். அவற்றைச் செய்யத் தெரிந்த மனிதர்களும் அதனருகில் இருக்க வேண்டும்.

ரயில் பாரந்தூக்கியின் சிறப்பு அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. மலாயா, சிங்கப்பூர் ரயில் பாதையின் இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி ஒரு மீட்டர்தான். அந்த ஒரு மீட்டர் அகலத்தின்மேல் நின்றுகொண்டு, பல டன் எடையுள்ள பெட்டியையோ பாலத்தின் இரும்புச் சட்டத்தையோ பக்கவாட்டில் தூக்குவதென்றால், ஒற்றைக் காலில் நின்றபடி நிறைகுடத்தைக் கை நீட்டிப் பிடிப்பது போன்றது. ஆகவேதான் தூக்குவதற்குமுன் அதன் வயிற்றுக்கடியிலிருந்து இரும்புக் கைகளை இருபுறமும் வெளியே இழுத்து, அவற்றின் அடியில் கட்டைகளை அடுக்கி, திருகு ஜாக்கிகளை இறுக்கி, பாரத்தை மண்ணுக்குக் கடத்துவார்கள். கட்டை அடுக்குவதே தனிக் கலை. மழையில் ஊறிய செம்மண்ணில் எத்தனை அடுக்கு வேண்டும், எந்தத் திசையில் முதல் வரிசையைப் போட வேண்டும், எந்தக் கட்டை நசுங்கும் என்பதெல்லாம் புத்தகத்தில் கிடைப்பவை அல்ல. என் தந்தையார் குதிகாலால் மண்ணை இரண்டு முறை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் பேசவே தொடங்குவார்.

கொக்கியில் தொங்கும் எடை மட்டும் ஆபத்தைத் தீர்மானிப்பதில்லை. அது எவ்வளவு தொலைவில் தொங்குகிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. நான்கு மீட்டர் தொலைவில் பத்து டன் தரும் கவிழ்விசையை எட்டு மீட்டர் தொலைவில் ஐந்து டன்னே தந்துவிடும். தூக்குக் கையின் சொந்த எடையைக் கணக்கில் எடுத்தால் அதைவிடக் குறைவானதே போதும். வளைவுப் பாதையில் ஒரு தண்டவாளம் உயர்ந்தும் மற்றது தாழ்ந்தும் இருக்கும் என்பதால் இயந்திரமே சற்றுச் சாய்ந்து நிற்கும். அந்தச் சாய்வில் தூக்குக் கையைத் தாழ்ந்த பக்கம் திருப்பும்போது தொலைவு தானாகவே கூடிவிடும். இன்றைய பாரந்தூக்கிகளில் எல்லை மீறினால் கணினி எச்சரிக்கும், இயக்கத்தையும் நிறுத்தும். அந்தக் காலத்து நீராவிப் பாரந்தூக்கியில் இருந்தவை ஓர் எடை அட்டவணை, ஒரு கால் பிரேக், சில நெம்புகோல்கள், ஓட்டுநரின் காது, பாதங்களின் உணர்வு ஆகியவையே. பின்பக்கச் சக்கரம் தண்டவாளத்தில் இலேசாகிவிட்டது என்பதை அவர் இருக்கையின் அதிர்விலேயே கண்டுகொள்வார்.

இந்த இயந்திரங்களைச் செய்தவர்களும் சாதாரணமானவர்கள் அல்லர். இங்கிலாந்தின் கார்லைல் நகரத்தில் கவன்ஸ் ஷெல்டன் நிறுவனமும், இப்ஸ்விச் நகரத்தில் 1869இல் தொடங்கி 1987இல் மூடப்பட்ட ரான்சம்ஸ் அண்ட் ராப்பியர் நிறுவனமும் உலகின் பல ரயில் பாதைகளுக்குப் பாரந்தூக்கிகளை அனுப்பின. பாரந்தூக்கி பெரிதாகப் பெரிதாக அதன் எடையைப் பாலங்கள் தாங்கவில்லை. எடையைக் குறைக்கவும் வழியில்லை, ஏனெனில் எடை குறைந்தால் தூக்கும் திறனும் குறையும். ரான்சம்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் வில்ஃப்ரட் ஸ்டோக்ஸ் இதற்கு ஒரு வழி கண்டார். பயணத்தின்போது பாரந்தூக்கியின் முன்னும் பின்னும் துணைச் சக்கர வண்டிகளைப் பூட்டி எடையைக் கூடுதல் அச்சுகளில் பரப்புவது, வேலையிடம் வந்ததும் அவற்றைக் கழற்றி விலக்கிவிடுவது என்பதே அந்த ஏற்பாடு. முதல் உலகப் போரில் புகழ்பெற்ற ஸ்டோக்ஸ் பீரங்கியை வடிவமைத்தவரும் இதே மனிதர்தான். வரலாறு பீரங்கிக்காகவே அவரை நினைவில் வைத்திருக்கிறது என்பது எனக்கு வருத்தம் தருகிறது. அமெரிக்க ரயில் தொழிலாளர்கள் இத்தகைய இயந்திரத்தைப் 'பெரிய கொக்கி' என்று அழைத்தார்கள். இந்தியாவில் 1862இல் தொடங்கப்பட்ட ஜமால்பூர் பணிமனை பிற்காலத்தில் 140 டன் தூக்கும் டீசல் பாரந்தூக்கிகளையே உருவாக்கியது.

சிறுவனாக இருந்தபோது கம்போங் பாரு ரயில் வளாகத்தில் நீராவிப் பாரந்தூக்கி ஒன்று பாரம் தூக்கியதை ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். கொதிகலன் சூடாவதற்காக விடியற்காலையிலேயே நெருப்பு மூட்டியிருந்தார்கள். அவசரப்பட்டுச் சூடேற்றினால் தகடும் குழாயும் வெவ்வேறு வேகத்தில் விரிந்து கசியத் தொடங்கும் என்பதால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிறகு அது அசைந்தபோது எனக்கு வியப்பளித்தது அதன் பலமன்று, அதன் மென்மை. நீராவி எந்திரம் நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசையையும் தரக்கூடியது. ஆகவே திறமையான ஓட்டுநர் பாரத்தை ஒரு விரற்கடை மட்டும் உயர்த்தி அப்படியே நிறுத்திவைக்க முடியும். தந்தையார் கீழே நின்று உள்ளங்கையை மெல்லத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். ஆள் உயரத்துக்கு நான்கு மடங்கு இருந்த அந்த இரும்பு, அவருடைய விரல்களுக்குக் கட்டுப்பட்டு இறங்கியது.

பல ஆண்டுகள் கழித்து நான் வேலை செய்த ஒரு கப்பல் பட்டறையில், தண்டவாளத்தில் ஓடக்கூடிய பழைய நீராவிப் பாரந்தூக்கி ஒன்று கொட்டகையின் பின்னால் கிடந்தது. அதை யாருக்காவது கொடுத்துவிடலாமே என்று மூத்த ஊழியர் ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு பிற்பகலில் எரிவாயுச் சுடரால் அதைத் துண்டு துண்டாக வெட்டி இரும்புக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். இடம் தேவைப்பட்டிருக்கும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஓட்டுநர் அறையில் திருகாணியால் பொருத்தியிருந்த பித்தளை எடை அட்டவணையைக்கூட யாரும் கழற்றி வைக்கவில்லை. அந்த அட்டவணை இல்லாமல் பாரந்தூக்கியைப் புதுப்பிப்பது, பத்திரம் இல்லாமல் நிலத்தை மீட்க முயல்வது போன்றது. எந்த நீட்டத்தில் எவ்வளவு தூக்கலாம், இரும்புக் கைகளை ஊன்றியபோது எவ்வளவு, ஊன்றாதபோது எவ்வளவு என்பதையெல்லாம் மறுபடி கணக்கிட்டு எழுத ஒரு பொறியாளர் குழுவே தேவைப்படும்.

அசையாமல் நிறுத்தி வைத்தால் பழைய இயந்திரம் தேயாமல் பத்திரமாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். என் அனுபவம் அதற்கு நேர்மாறானது. தூக்காமல் தொங்கும் எஃகுக் கயிற்றின் உள்ளிழைகளில் மசகு எண்ணெய் உலர்ந்து, வெளியே பளபளப்பு மாறாமலேயே உள்ளுக்குள் துரு ஏறும். திரும்பாத மேடையின் உருளைகள் ஒரே புள்ளியில் பாரத்தைச் சுமந்து அங்கே குழியாக்கிவிடும். நமது ஊரின் மழையும் ஈரமும் இரும்புப் பெட்டிகளின் மூலைகளில் தேங்கி, சாயத்தின் அடியிலிருந்தே அரித்துக்கொண்டு வரும். மாதம் ஒருமுறையாவது மெதுவாக ஒரு சுற்றுத் திருப்பி, கயிற்றை அவிழ்த்துச் சுற்றி, மூட்டுகளுக்கு எண்ணெய் விட்டால்தான் எங்கே இறுகுகிறது, எங்கே கசிகிறது என்பது தெரியவரும். இயக்கமே இங்கே பராமரிப்பாகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் இருக்கும் என் மகள் வீட்டுக்குப் போனபோது பிரிஸ்டல் துறைமுகத்தில் இதைக் கண்ணால் கண்டேன். அங்கே எம் ஷெட் அரும்பொருளகத்தின் வாசலில், ஸ்டோதர்ட் அண்ட் பிட் நிறுவனம் 1951இல் செய்த நான்கு மின்சாரப் பாரந்தூக்கிகள் துறைமுக விளிம்பில் தண்டவாளத்தின்மீது நிற்கின்றன. குறிப்பிட்ட நாள்களில் தொண்டூழியர்கள் அவற்றை இயக்கிக் காட்டுகிறார்கள். சிறிது தள்ளி, அதே நிறுவனம் 1878இல் முடித்துக்கொடுத்த, 35 டன் தூக்கக்கூடிய ஃபேர்பேர்ன் நீராவிப் பாரந்தூக்கி வளைந்த கழுத்துடன் நிற்கிறது. மின்சாரப் பாரந்தூக்கி திரும்பத் தொடங்கியதும் படம் எடுத்துக்கொண்டிருந்த சிறுவர்கள் எல்லாரும் கைப்பேசியைத் தாழ்த்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். என் பேரனும் பார்த்தான். கொக்கி ஏன் ஆடவில்லை என்று அவன் என்னிடம் கேட்டான். பாரம் ஆடத் தொடங்கும் பக்கமாகவே தூக்குக் கையைச் சற்று நகர்த்தி, அந்த ஆட்டத்தைப் பிடித்துக்கொள்ளும் வித்தையை நான் அங்கேயே கை அசைத்து விளக்கினேன். அசையாமல் நிற்கும் இயந்திரத்தின்முன் அந்தக் கேள்வி பிறந்திருக்காது.

அப்படி இயங்கும் நிலைக்குக் கொண்டுவருவது எளிய வேலையன்று. எதையும் கழற்றுவதற்குமுன் எல்லாவற்றையும் அளந்து, படம் எடுத்து, ஒவ்வொரு பாகத்துக்கும் எண் இட்டு எழுதி வைக்க வேண்டும். கொதிகலனைச் சுற்றிய பழைய உறையில் கல்நார் இருக்கலாம், பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம். இரண்டையும் அதற்குப் பயிற்சி பெற்றவர்களே அகற்ற வேண்டும், ஆர்வலர்கள் சுரண்டும் கத்தியோடு இறங்கிவிடக் கூடாது. கொதிகலன் தகட்டின் தடிமனைப் பல இடங்களில் மீயொலிக் கருவியால் அளந்து, பிறகு குளிர்ந்த நீரை நிரப்பி வேலை அழுத்தத்தைவிடக் கூடுதலான அழுத்தத்தில் சோதித்த பின்னரே நெருப்பு மூட்டலாம். நீரால் சோதிப்பதற்குக் காரணம் உண்டு. நீர் சுருங்காது, ஆகவே தகடு பிளந்தால் நீர் ஒழுகும், அவ்வளவுதான். நீராவியில் பிளந்தால் உயிர் போகும். வார்ப்பிரும்புப் பற்சக்கரத்தில் விரிசல் இருந்தால் பழைய முறைப்படி மரத்தில் அச்சு செதுக்கிப் புதிதாக வார்க்க வேண்டியிருக்கும், அல்லது எஃகில் வெட்டியெடுக்க வேண்டியிருக்கும். கயிற்றை மட்டும் ஒருபோதும் பழையதாக விட்டுவைக்கக் கூடாது. அதே விட்டமும் அதே பின்னலும் கொண்ட புதுக் கயிற்றை, அது ஓடும் கப்பியின் பள்ளத்தை அளந்து பார்த்த பிறகே போட வேண்டும். கொக்கியைச் சாயம் நீக்கிக் காந்தத் துகள் சோதனைக்கு அனுப்ப வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்தான் கொக்கியின் எமன்.

இவ்வளவும் முடிந்த பிறகு, பழைய அட்டவணை இருபது டன் என்று சொன்னாலும் இருபது டன் தூக்க வேண்டிய தேவை அரும்பொருளகத்துக்கு இல்லை. அதில் பாதியையே உச்ச வரம்பாகக் கொண்டு, அந்தப் புது வரம்புக்கு மேல் கால் பங்கு கூடுதலான எடையால் சோதித்து, காட்சி நாள்களில் அதிலும் குறைவாகத் தூக்கினால் போதும் என்பது என் கருத்து. மூன்று டன் சிமென்ட் கட்டையானாலும் பார்ப்பவர் நெஞ்சம் படபடக்கத்தான் செய்யும்.

பாதுகாப்புக் காரணத்தைச் சொல்லி இதைத் தட்டிக்கழிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் 2011 முதல் நடப்பில் உள்ள பாரந்தூக்கி விதிமுறைகளின்படி, பாரம் தூக்கும் திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும். மேற்பார்வையாளர், ரிக்கர், ஓட்டுநருக்குச் சாடை காட்டும் சிக்னல்மேன், பதிவு பெற்ற ஓட்டுநர் ஆகியோர் இருக்க வேண்டும். இயந்திரத்தை அங்கீகாரம் பெற்ற ஆய்வாளர் குறித்த கால இடைவெளியில் சோதித்தாக வேண்டும். நீராவிக் கொதிகலனுக்கும் தனிச் சோதனை உண்டு. இந்த ஒழுங்குமுறை நம்மிடம் இருப்பது தடையன்று, பெரிய வசதி. இதற்கான திறமையுள்ளவர்கள் நம் ஊரில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். துவாஸ் துறைமுகத்தில் தானியங்கிப் பாரந்தூக்கிகள் கொள்கலன்களை அடுக்கும் இந்தக் காலத்தில், கையாலும் காதாலும் இயக்கக் கற்றவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் அவசரம்.

புதுப் பாகங்களைப் போட்டு இயக்கினால் பழைமையின் உண்மைத்தன்மை போய்விடும் என்ற வாதத்தையும் நான் மதிக்கிறேன். கழற்றிய பாகத்தைத் தூக்கி எறியாமல், தேய்ந்த இடத்தைச் சுட்டிக்காட்டிப் பக்கத்திலேயே வைக்கலாம். மீட்க முடியாத கொதிகலனைத் தொடாமல் விட்டுவிட்டு, அழுத்தக் காற்றைச் செலுத்தி எந்திரத்தை மட்டும் மெல்லச் சுழல வைக்கலாம். பல அரும்பொருளகங்களில் பழைய நீராவி எந்திரங்களை இவ்வாறு ஓட்டுகிறார்கள். உலகில் ஒன்றே ஒன்று எஞ்சியிருக்கிறது, அதை அசைத்தால் உடையும் என்ற நிலை வந்தால் அசைக்கவே வேண்டாம். ஆனால் அது பொறியாளர் பார்த்துச் சொல்லும் முடிவாக இருக்க வேண்டும், செலவுக்குப் பயந்து முன்கூட்டியே எடுக்கும் முடிவாக இருக்கக் கூடாது.

நம் ஊரில் இப்போது தண்டவாளமே இல்லையே என்று கேட்கலாம். 1932இல் திறக்கப்பட்ட தஞ்சோங் பகார் நிலையம் தேசிய நினைவுச்சின்னமாக நிற்கிறது. அது கண்டோன்மென்ட் எம்ஆர்டி நிலையத்துடன் இணைகிறது. புக்கிட் தீமா நிலையம் 2022 ஜூலையில் மறுபடி மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பழைய ரயில் தடமே மாறி அமைந்த ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளப் பசுமைப் பாதையில் வார இறுதியில் குடும்பங்கள் நடக்கின்றன, இரும்புப் பாலத்தின்மேல் நின்று படம் எடுத்துக்கொள்கின்றன. ஐம்பது மீட்டர் தண்டவாளம் போதும், ஒரு பாரந்தூக்கி வாழ்வதற்கு. அதுவும் எடுத்த எடுப்பிலேயே நீராவியாக இருக்க வேண்டியதில்லை. முன்பு சரக்கு ரயில் முற்றங்களில் இரண்டு, மூன்று டன் தூக்கும் கைப் பாரந்தூக்கிகள் இருந்தன. நெருப்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். இருபுறமும் இருவர் கைப்பிடியைச் சுற்றினால் பற்சக்கரங்கள் அவர்கள் பலத்தைப் பல மடங்காக்கி, ஒரு டன் கட்டையைத் தரையிலிருந்து உயர்த்தும். கைவிட்டாலும் பற்சக்கரத்தில் விழும் தாழ் அதைப் பிடித்துக்கொள்ளும். உயர்நிலைப் பள்ளி மாணவர் இருவர் ஒரு டன்னைத் தங்கள் கையால் தூக்கிய அன்று, நெம்புகோலும் பற்சக்கரமும் அவர்களுக்குப் பாடப்புத்தகத்துப் படமாக இருக்காது. மரபுடைமைப் பொறுப்பில் இருப்பவர்கள் வட்டார ரயில்வேக்களிடமும் பழைய பட்டறைகளிடமும் இப்படி ஒன்றைத் தேடிப் பெற முயல வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

இரண்டாவது வேண்டுகோள் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு. இந்த ரயில் பாதையில் நம்மவர்களின் உழைப்பு எவ்வளவு என்பதற்கு, ரயில் தொழிலாளர்கள் குவீன்ஸ்வே தண்டவாளத்தருகில் 1932இல் எழுப்பிய சிறு குடிலிலிருந்து வளர்ந்து இன்று காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயமே சாட்சி. ஸ்பூனர் ரோட்டு ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் வீடுகளில் ஊதல்களும், எண்ணெய்க் கறை படிந்த குறிப்பேடுகளும், குழுவாக நின்று எடுத்த படங்களும் இருக்கும். அவற்றைவிட முக்கியமாக, வாயிலும் கையிலும் மட்டுமே வாழும் அறிவு இருக்கிறது. பாரத்தை இறக்கு என்பதற்கு எங்கள் தலைமுறை 'ஆரியா' என்றது. அது போர்ச்சுகீசிய மாலுமிகளின் சொல்லாகப் பிறந்து, கப்பல் வேலையாள்கள் வழியாக எங்கள் நாவில் வந்து அமர்ந்தது. மெதுவாக என்பதற்கு மலாயில் 'பெலான் பெலான்' என்போம். சீன ஓட்டுநரும் தமிழ் ரிக்கரும் மலாய் சிக்னல்மேனும் ஒருவர் மொழி ஒருவருக்கு முழுதும் தெரியாமலே, இந்தச் சொற்களையும் கைச்சாடைகளையும் கொண்டு பத்து டன் இரும்பை ஓர் அங்குலம் பிசகாமல் வைத்தார்கள். இதை ஒளிப்பதிவு செய்து வைக்காவிட்டால், நாளை எவ்வளவு செலவிட்டுப் பாரந்தூக்கியைப் புதுப்பித்தாலும் அதை இயக்கிக் காட்டும் முறையை ஊகித்துத்தான் கற்க வேண்டியிருக்கும். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, பெரியவர்களைக் கையசைத்துக் காட்டச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும்.

என் தந்தையாரின் குறிப்பேடு என்னிடம் இருக்கிறது. எந்த மண்ணுக்கு எத்தனை அடுக்குக் கட்டை என்பதை அவர் பென்சிலில் படம் போட்டுத் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். சில பக்கங்களில் கரையான் புகுந்துவிட்டது, மற்றவற்றைப் படிக்க முடிகிறது. அதை முறையாகப் பாதுகாத்து எல்லாரும் பார்க்கும்படி வைக்க எந்த அரும்பொருளகமாவது முன்வந்தால் கொடுத்துவிட அணியமாக இருக்கிறேன். கட்டை அடுக்கிக் காட்ட ஆள் தேவைப்பட்டால் நானே வருகிறேன். என் முழங்கால் இன்னும் சில ஆண்டுகளுக்கு இடம் கொடுக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாரந்தூக்கி மேற்பார்வையாளர்,
உட்லண்ட்ஸ்